ஆம்புலன்ஸ் பணியில் நடந்த விபத்தும் வீட்டு வாகனப் பாலிசியும்: கலிஃபோர்னியாவில் யாருக்கு, எதை, எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்?

தாங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தங்கள் மகள் சாக்ரமெண்டோ பகுதியில் ஒரு தனியார் ஆம்புலன்ஸ் நிறுவனத்தில் அவசர மருத்துவப் பணியாளராக இருக்கிறார். நோயாளி ஒருவரை ஏற்றிவரச் சிவப்பு விளக்கும் சைரனும் இயங்க அவர் ஓட்டிச் சென்ற ஆம்புலன்ஸ், சிக்னல் சிவப்பாக இருந்த ஒரு சந்திப்பைக் கடந்தபோது பக்கவாட்டில் வந்த காருடன் மோதிவிட்டது. காரோட்டிக்குக் கழுத்து வலி, மகளுக்குத் தோள்பட்டையில் அடி. விபத்து நடந்து 4 நாட்கள் ஆகின்றன. மகளின் பெயர் தங்கள் குடும்ப வாகனப் பாலிசியிலும் இருக்கிறது. எந்த விபத்தானாலும் உடனே தெரிவிக்க வேண்டும் என்கிறார் தங்கள் ஏஜென்ட். பணியில் நடந்த விபத்து சொந்தப் பாலிசியைத் தொடவே தொடாது, சட்டம் அப்படி இருக்கிறது என்கிறார் தீயணைப்புத் துறையில் வேலை செய்யும் குடும்ப நண்பர். இருவரில் யார் சொல்வது சரி என்பது தங்கள் கேள்வி.

நான் வழக்கறிஞர் அல்லன். வாகனக் காப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் வேலையில் கலிஃபோர்னியாவில் பல ஆண்டுகள் இருந்தவன். என் பார்வையில் இருவர் சொல்வதிலும் பாதிதான் சரி. நண்பர் சொல்லும் சட்டம் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அது அவருக்காக எழுதப்பட்ட சட்டம், தங்கள் மகளுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஏஜென்ட் சொல்வதில், யாரிடம் தெரிவிப்பது, எதற்காகத் தெரிவிப்பது என்ற வேறுபாடு விடுபட்டிருக்கிறது. விபத்தைத் தெரிவிப்பது ஒன்று, அது ஓட்டுநர் பதிவேட்டில் ஏறுவது இன்னொன்று, அதை வைத்துப் பிரீமியத்தை உயர்த்துவது மற்றொன்று. இம்மூன்றுக்கும் தனித்தனி விதிகள் உள்ளன. ஒன்றிலிருந்து விலக்குக் கிடைத்தால் மற்றவற்றிலிருந்தும் கிடைத்துவிட்டது என்று எண்ணிக்கொள்வதால்தான் பெரும்பாலான சிக்கல்கள் வருகின்றன.

நாள் கணக்கு ஓடிக்கொண்டிருப்பதால் அவசரமானதை முதலில் சொல்கிறேன். கலிஃபோர்னிய வாகனச் சட்டத்தின் 16002ஆம் பிரிவின்படி, முதலாளிக்குரிய வாகனத்தை அவரது அனுமதியுடன் ஓட்டும்போது விபத்து நேர்ந்தால், ஓட்டியவர் 5 நாட்களுக்குள் அதை முதலாளியிடம் அவருடைய படிவத்தில் தெரிவிக்க வேண்டும். தங்கள் மகளுக்கு அந்தக் கெடு நாளையோடு முடிகிறது. மேற்பார்வையாளர் விபத்து நடந்த இடத்துக்கே வந்து பார்த்தார், வண்டியின் வயர்லெஸ்ஸில் அப்போதே சொல்லியாயிற்று என்றெல்லாம் அவர் நினைத்திருக்கலாம். அவை எல்லாம் நடந்திருந்தாலும், கையெழுத்திட்ட படிவம் ஒன்று நிறுவனத்தின் கையில் இருப்பதும் அதன் நகல் மகளிடம் இருப்பதும் அவசியம். இன்றே அதை முடித்துவிடச் சொல்லுங்கள்.

அடுத்தது எஸ்ஆர்-1 என்னும் படிவம். டிஎம்வி என்று எல்லோரும் சொல்லும் மோட்டார் வாகனத் துறைக்குப் போக வேண்டிய அறிக்கை இது. ஒருவருக்குச் சிறு காயம் ஏற்பட்டிருந்தாலும், உயிரிழப்பு நேர்ந்திருந்தாலும், எவர் ஒருவரது உடைமைக்கும் 1,000 டாலருக்கு மேல் சேதம் ஏற்பட்டிருந்தாலும், விபத்து நடந்த 10 நாட்களுக்குள் இதைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது 16000ஆம் பிரிவு. 2017க்கு முன் 750 டாலராக இருந்த வரம்பு அந்த ஆண்டு முதல் 1,000 ஆனது. காவல்துறை அறிக்கை எழுதிவிட்டது என்பதால் இந்தக் கடமை நீங்கிவிடாது. யார் மீது தவறு என்பதும் இங்கே பொருட்டல்ல. தாக்கல் செய்யாதவரின் ஓட்டுநர் உரிமத்தை நிறுத்திவைக்கத் துறைக்கு அதிகாரம் உண்டு. மற்றவர்களுக்கு உரிமம் போவது வசதிக் குறைவு. ஆம்புலன்ஸ் ஓட்டுபவருக்கு வேலையே போய்விடும்.

நண்பர் நினைப்பதற்கும் தங்கள் மகளின் நிலைக்கும் உள்ள முதல் வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. விபத்தில் சிக்கிய வாகனம் ஐக்கிய அமெரிக்க அரசுக்கோ, மாநில அரசுக்கோ, உள்ளாட்சி அமைப்புக்கோ உரியதாக, அல்லது அவற்றின் குத்தகையிலோ கட்டளையின் கீழோ இருந்ததாக இருந்தால் எஸ்ஆர்-1 தேவையில்லை என்று அதே 16000ஆம் பிரிவு சொல்கிறது. நகரத் தீயணைப்பு வண்டியை ஓட்டும் நண்பருக்கு இந்த விலக்கு உண்டு. தனியார் நிறுவனத்தின் ஆம்புலன்ஸ், 911 அழைப்பை ஏற்றுச் சென்றதாகவே இருந்தாலும், அரசின் உடைமை ஆகிவிடாது. மாவட்டத்துடன் ஒப்பந்தம் இருப்பதால் அது அரசின் கட்டளையின் கீழ் ஓடிய வண்டி என்று வாதாடலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். வாதாடலாம், ஆனால் 10 நாள் கெடுவைத் தவறவிட்டுவிட்டு உரிமத்தைப் பணயம் வைத்து வாதாடும் அளவுக்கு அதில் ஆதாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

முதலாளியின் வாகனம் என்றால், ஓட்டுநரிடமிருந்து அறிக்கை கிடைத்த 10 நாட்களுக்குள் முதலாளிதான் அதை டிஎம்விக்கு அனுப்ப வேண்டும். காப்பீட்டுச் சான்றிதழை முன்கூட்டியே துறையிடம் தாக்கல் செய்திருக்கும் நிறுவனங்களுக்கு அதிலிருந்தும் விலக்கு உண்டு. தங்கள் மகளின் நிறுவனம் எந்த வகை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எனவே, “எஸ்ஆர்-1 அறிக்கையை நிறுவனம் அனுப்புகிறதா, விலக்கு இருக்கிறதா” என்று ஒரு வரியை மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. எட்டாம் நாள் வரை தெளிவான பதில் வராவிட்டால் மகளே தாக்கல் செய்துவிடலாம் என்பது என் கருத்து.

அப்படித் தாக்கல் செய்வதில் ஒரு கசப்பும் இருக்கிறது. எஸ்ஆர்-1 யார் மீது தவறு என்று தீர்மானிக்கும் ஆவணம் அன்று. ஆனாலும் அது வந்து சேர்ந்தால், தவறு யாருடையதாக இருந்தாலும் விபத்து நடந்த செய்தி ஓட்டுநர் பதிவேட்டில் ஏறிவிடும். மற்றவர் மீதுதான் தவறு என்று காவல் அதிகாரி தமது அறிக்கையில் எழுதியிருந்தால் மட்டுமே அது ஏறாமல் போகும். பாலிசியைப் புதுப்பிக்கும்போது காப்பீட்டு நிறுவனங்கள் பார்ப்பது இந்தப் பதிவேட்டைத்தான். ஆகவே, சொல்லாமல் இருந்துவிட்டால் தெரியாமல் போய்விடும் என்ற கணக்கு பெரும்பாலும் பலிக்காது. அவர்களாகவே வேறொரு வரியில் கண்டுபிடிப்பதைவிட, பணியில் நடந்தது என்ற முழு விவரத்தோடு நாம் சொல்லி அவர்கள் அறிவது நமக்கு நல்லது.

இனி நண்பர் சொன்ன சட்டத்துக்கு வருகிறேன். கலிஃபோர்னியக் காப்பீட்டுச் சட்டத்தின் 488.5ஆம் பிரிவு அது. காவல் பணியாளர், கலிஃபோர்னிய நெடுஞ்சாலைக் காவல்படையினர், தீயணைப்பு வீரர் ஆகியோரது சொந்த வாகனப் பாலிசியை வழங்கும்போதும் புதுப்பிக்கும்போதும், அவர்கள் பணி நேரத்தில், கடமையைச் செய்கையில், அங்கீகரிக்கப்பட்ட அவசர ஊர்தியை ஓட்டி விபத்துக்குள்ளானார்கள் என்ற காரணத்துக்காகப் பிரீமியத்தை உயர்த்தக் கூடாது என்று அது விதிக்கிறது. சட்டத்தின் நோக்கம் எளிதில் விளங்கக்கூடியதே. சிவப்பு சிக்னலைக் கடந்து செல்லுமாறு ஊரே ஒருவரைப் பணிக்கிறது. அந்த ஆபத்துக்கான விலையை அவரது வீட்டுக் காரின் பிரீமியத்தில் வசூலிப்பது நியாயமாகாது.

இந்தப் பிரிவின் சொற்களை ஊன்றிப் படிக்க வேண்டும். எந்த வாகனங்கள் அவசர ஊர்திகள் என்பதற்கு அது வாகனச் சட்டத்தின் 165ஆம் பிரிவைச் சுட்டுகிறது. அங்கே, அரசு ஆம்புலன்ஸ்களோடு, நெடுஞ்சாலைக் காவல்படை ஆணையரின் உரிமம் பெற்ற தனியார் ஆம்புலன்ஸ்களும் சேர்க்கப்பட்டுள்ளன. ஆகவே தங்கள் மகள் ஓட்டிய வண்டி அந்த வரையறைக்குள் வருகிறது. ஆனால் ஓட்டியவர் யார் என்ற இடத்தில் காவல் பணியாளரும் தீயணைப்பு வீரரும் மட்டுமே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். தனியார் நிறுவனத்தின் அவசர மருத்துவப் பணியாளர் அந்தப் பட்டியலில் இல்லை. வண்டி உள்ளே, ஓட்டுநர் வெளியே என்ற இந்த முரண் எனக்கு எப்போதுமே உறுத்தலாக இருந்திருக்கிறது. ஒரே விபத்துக் களத்துக்கு ஒரே சைரனோடு செல்லும் இருவரில், தீயணைப்புத் துறை ஆம்புலன்ஸை ஓட்டிய தீயணைப்பு வீரருக்குப் பாதுகாப்பு உண்டு, அவருக்குப் பின்னால் வந்த தனியார் ஆம்புலன்ஸின் ஓட்டுநருக்கு இல்லை.

இதனால் தங்கள் மகளுக்கு எந்தப் பிடிமானமும் இல்லை என்று முடிவு செய்துவிட வேண்டாம். பிரீமியம் எப்படி உயர்கிறது என்பதைப் பார்த்தால் இன்னொரு வழி தெரியும். 1988இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 103ஆம் முன்மொழிவுக்குப் பின், இம்மாநிலத்தில் வாகனப் பிரீமியத்தைத் தீர்மானிக்கும் முதல் காரணியாக ஓட்டுநரின் பாதுகாப்புப் பதிவேடு இருக்க வேண்டும். நல்ல ஓட்டுநர் என்ற தகுதி உள்ளவருக்குக் குறைந்தது 20 விழுக்காடு தள்ளுபடி தர வேண்டும். முந்தைய 3 ஆண்டுகளில், ஒருவருக்குக் காயமோ உயிரிழப்போ ஏற்பட்ட விபத்தில் தாம் முதன்மையாகத் தவறிழைத்தவராக இருந்தால் அந்தத் தகுதி போய்விடும். தங்கள் வழக்கில் காரோட்டி கழுத்து வலி என்று சொல்லியிருப்பதால் இந்தக் கேள்வி கண்டிப்பாக எழும்.

முதன்மையாகத் தவறிழைத்தவர் யார் என்பதை மாநிலக் காப்பீட்டுத் துறையின் 2632.13ஆம் விதி வரையறுக்கிறது. விபத்துக்கான சட்டபூர்வக் காரணத்தில் குறைந்தது 51 விழுக்காடு அந்த ஓட்டுநருடையதாக இருக்க வேண்டும். சில சூழ்நிலைகளில் அவ்வாறு தீர்மானிக்கவே கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. சட்டப்படி நிறுத்தி வைத்திருந்த வண்டி, பின்னாலிருந்து இடிபட்ட வண்டி, விலங்கு குறுக்கே வந்து மோதியது ஆகியவற்றோடு, சம்பளம் பெற்றோ தன்னார்வமாகவோ பணிபுரியும் காவல்துறையினர், தீயணைப்புத் துறையினர், முதலுதவிக் குழுவினர் கடமை அழைப்பை ஏற்றுச் செல்லும்போது நேர்ந்த விபத்தும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. முதலுதவிக் குழு என்ற சொல்லில்தான் தங்கள் மகளுக்கு இடம் இருக்கிறது. தனியார் ஆம்புலன்ஸ் ஊழியரும் அந்தச் சொல்லுக்குள் அடங்குவார் என்பது ஏற்கத்தக்க வாதம் என்றே நான் கருதுகிறேன். ஆயினும் பரிசீலிக்கும் ஊழியர் அதைத் தானாக முன்வந்து பொருத்திப் பார்ப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். விதியின் எண்ணைக் குறிப்பிட்டு நாம்தான் கேட்க வேண்டும்.

488.5ஆம் பிரிவுக்கும் இந்த விதிக்கும் எல்லைகள் வேறு வேறு என்பதையும் கவனியுங்கள். முதலாவது, பணி நேரம் முழுவதையும் தழுவுகிறது. தீயை அணைத்துவிட்டு நிலையத்துக்குத் திரும்பும் வழியில் மோதினாலும் தீயணைப்பு வீரருக்குப் பாதுகாப்பு உண்டு. இரண்டாவது, அழைப்பை ஏற்றுச் செல்லும் தருணத்துக்கு மட்டுமே. நோயாளியை மருத்துவமனையில் இறக்கிவிட்டு எரிபொருள் நிரப்பப் போகும்போது மோதியிருந்தால் தங்கள் மகளால் இந்த விதியைச் சுட்ட முடியாது. இங்கே அவர் அழைப்பை ஏற்றுச் சென்றுகொண்டிருந்தார் என்பதால், அந்த நேரத்தை உறுதிப்படுத்தும் அழைப்பு மையப் பதிவுகள் மிக முக்கியமானவை. நிறுவனத்திடம் அழைப்பு ஏற்கப்பட்ட நேரம், புறப்பட்ட நேரம், மோதிய நேரம் ஆகியவற்றின் நகலை இப்போதே எழுத்தில் கோரி வைக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் கிடைப்பது அரிது.

சிவப்பு சிக்னலைக் கடந்ததே தவறு என்று எதிர்த்தரப்பு சொல்லும். அவசர அழைப்பை ஏற்றுச் செல்லும் அங்கீகரிக்கப்பட்ட ஊர்தி, முன்னாலிருந்து தெரியும்படி சிவப்பு விளக்கை எரியவிட்டு, நியாயமாகத் தேவைப்படும் அளவுக்குச் சைரனையும் ஒலித்தால், சிக்னல் உள்ளிட்ட சாலை விதிகள் பலவற்றிலிருந்து அதற்கு வாகனச் சட்டத்தின் 21055ஆம் பிரிவு விலக்களிக்கிறது. அப்போது மற்ற வாகனங்கள் வலப்புற ஓரம் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது 21806. ஆனால் மற்றவர்களின் பாதுகாப்பைக் கருத்தில் கொண்டு ஓட்டும் கடமை ஆம்புலன்ஸ் ஓட்டுநரை விட்டு நீங்காது என்று 21056 உடனே ஒரு கடிவாளத்தையும் போடுகிறது. சந்திப்பில் நுழையுமுன் வேகத்தைக் குறைத்தாரா, நின்று பார்த்துச் சென்றாரா என்பதே விசாரணையின் மையமாக இருக்கும். வண்டியில் கேமராவும் வேகப் பதிவுக் கருவியும் இருந்தால், அவற்றை அழிக்காமல் வைக்குமாறு எழுதிக் கேட்டுவிடுவது இருதரப்புக்கும் நேர்மையான செயல்.

இழப்பீட்டை யார் தருவது என்பதிலும் நண்பரின் நிலை வேறு. அவசர அழைப்பை ஏற்றுச் செல்கையில் அவசர ஊர்தியை ஓட்டி ஏற்படுத்திய சேதத்துக்கு அரசு ஊழியர் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக மாட்டார் என்று வாகனச் சட்டத்தின் 17004ஆம் பிரிவு சொல்கிறது. பாதிக்கப்பட்டவர் அரசு அமைப்பிடம்தான் போக வேண்டும், அதுவும் 6 மாதத்துக்குள் உரிமைகோரலைத் தாக்கல் செய்தாக வேண்டும். தங்கள் மகள் அரசு ஊழியர் அல்லர்; அவர் மீது நேரடியாகவே வழக்குத் தொடுக்கலாம், காயத்துக்கான வழக்குக்கு 2 ஆண்டுகள் வரை காலம் உண்டு. கேட்கவே அச்சமாக இருக்கும், ஆனால் நடைமுறையில் இது அவ்வளவு மோசமில்லை. நிறுவனத்தின் வணிக வாகனப் பாலிசி, அனுமதியுடன் ஓட்டிய ஊழியரையும் பொதுவாகக் காப்பீடு பெற்றவராகவே கருதுகிறது. அதோடு, கடமையைச் செய்கையில் ஊழியருக்கு ஏற்படும் செலவையும் இழப்பையும் முதலாளியே ஈடுசெய்ய வேண்டும் என்று தொழிலாளர் சட்டத்தின் 2802ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிறது. வழக்குத் தாள் எதுவும் வீட்டுக்கு வந்தால் அன்றைக்கே அதை நிறுவனத்திடம் சேர்ப்பித்துவிட வேண்டும்.

சரி, வீட்டுப் பாலிசி நிறுவனத்திடம் சொல்ல வேண்டுமா? ஒருவர் தமக்கு நேர்ந்த ஒவ்வொரு விபத்தையும் தமது சொந்தக் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லியே ஆக வேண்டும் என்று மாநிலச் சட்டம் விதிக்கவில்லை. அந்தக் கடமை பாலிசி என்ற ஒப்பந்தத்திலிருந்து வருகிறது. அமெரிக்காவில் பரவலாகப் புழங்கும் தனிநபர் வாகனப் பாலிசிகளில், விபத்து எங்கே, எப்போது, எப்படி நடந்தது என்பதைத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். பாலிசியின் கீழ் பாதுகாப்பைக் கோருபவருக்கே அது பொருள்படும். அதே பாலிசிகளில், தமக்கு வழக்கமாக ஓட்டக் கொடுக்கப்பட்ட, ஆனால் பாலிசியில் குறிப்பிடப்படாத வாகனத்தால் ஏற்படும் பொறுப்புக்குப் பாதுகாப்பு இல்லை என்ற விலக்கும் இருக்கும். நாள்தோறும் பணிமுறையில் ஏறி ஓட்டும் ஆம்புலன்ஸ் அந்த விலக்குக்குள் விழும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எனவே காரோட்டிக்குத் தர வேண்டிய இழப்பீட்டைப் பொறுத்தவரை வீட்டுப் பாலிசி இந்த விபத்துக்குள் வராது என்று நண்பர் சொல்வது உண்மையே.

ஆனால் ஏஜென்ட் சொல்வதில் உள்ள பாதி உண்மை தங்கள் மகளின் சொந்தக் காயத்தில் இருக்கிறது. மோதிய காருக்குக் காப்பீடே இல்லாமல் இருந்தாலோ, போதாததாக இருந்தாலோ, காப்பீடற்ற ஓட்டுநர்களுக்கெதிரான பாதுகாப்பு என்று தங்கள் பாலிசியில் ஒரு பகுதி இருக்கக்கூடும். எழுத்து மூலம் மறுத்திருந்தால் ஒழிய அது கலிஃபோர்னியப் பாலிசிகளில் இருக்கும். பாலிசியில் பெயருள்ளவருக்கும் வீட்டிலுள்ள உறவினருக்கும், அவர்கள் சொந்தக் காரில் இல்லாதபோதும் அது பயன்படலாம். ஆம்புலன்ஸ் நிறுவனத்துக்கே அத்தகைய பாதுகாப்பு இருந்தால் முதலில் அங்கேதான் போக வேண்டும். தொழிலாளர் இழப்பீடாகக் கிடைத்த தொகையும் கழிக்கப்படும். இத்தனை நிபந்தனைகள் இருந்தாலும், அந்தக் கதவை மூடிவிடாமல் வைத்திருக்க, தெரிவித்திருப்பதே ஒரே வழி. இடித்துவிட்டு ஓடிப்போன வண்டியாக இருந்திருந்தால் கெடு மிகவும் இறுக்கமானது. 24 மணி நேரத்துக்குள் காவல்துறையிடமும், 30 நாட்களுக்குள் உறுதிமொழியுடன் காப்பீட்டு நிறுவனத்திடமும் சொல்லியிருக்க வேண்டும். தங்கள் வழக்கில் ஓட்டியவர் யார் என்று தெரிந்திருப்பதால் அந்த நெருக்கடி இல்லை.

எனவே என் ஆலோசனை, இழப்பீடு எதையும் கோராமல், தகவலுக்காக மட்டும் ஒரு கடிதம் எழுதுவது. மகளின் பெயர், விபத்தின் நாள், இடம், நேரம், ஓட்டியது இன்ன நிறுவனத்தின் உரிமம் பெற்ற ஆம்புலன்ஸ், அவசர அழைப்பை ஏற்றுச் சென்ற பணி நேரம், நிறுவனத்தின் காப்பீட்டு விவரம், இவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும். தவறு யாருடையது என்ற ஊகமோ, வருத்தம் தெரிவிக்கும் வரியோ, வேகம் எவ்வளவு என்ற நினைவோ வேண்டாம். தொலைபேசியில் ஏஜென்டிடம் சொல்லி முடித்துக்கொள்வதை நான் விரும்புவதில்லை. ஒருமுறை என் மேசைக்கு வந்த கோப்பில், தீயணைப்பு வீரர் ஒருவர் தொலைபேசியில் சொன்னதை ஊழியர் ‘வேலைக்குப் போகும் வழியில் விபத்து’ என்று பதிந்துவிட்டார். சொந்தக் காரில் அலுவலகம் போனபோது நேர்ந்ததாக அது வாசிக்கப்பட்டு, புதுப்பித்தலில் பிரீமியம் ஏறியது, 488.5ஆம் பிரிவைக் காட்டி அதைத் திருத்தி வாங்க அவருக்கு ஒரு முழுப் பருவம் பிடித்தது. பணியில், பணிக்குப் போகையில் என்ற இரண்டுக்கும் காப்பீட்டில் அவ்வளவு தூரம்.

புதிய பாலிசிக்கு விண்ணப்பிக்கும்போது கடந்த ஆண்டுகளில் விபத்து உண்டா என்று கேட்டால், உண்டு என்றே எழுத வேண்டும். பிரீமியத்தை உயர்த்தக் கூடாத விபத்து என்பதால் இல்லை என்று எழுதும் உரிமை வந்துவிடாது. முக்கியமான உண்மையை மறைத்தால் பாலிசியையே செல்லாததாக்க இம்மாநிலச் சட்டம் நிறுவனத்துக்கு உரிமை தருகிறது. உண்மையைச் சொல்லிவிட்டு, அதன் அருகிலேயே அது எந்த விதியின் கீழ் வருகிறது என்பதையும் எழுதலாம். முதன்மையாகத் தவறிழைத்தவர் என்று நிறுவனம் தீர்மானித்தால் அதை எழுத்தில் தெரிவித்து, மறுபரிசீலனை கோரும் உரிமையையும் சொல்ல வேண்டும். அப்போது அழைப்பு மையப் பதிவின் நகலை இணைத்து மறுபரிசீலனை கேளுங்கள். அதிலும் பயனில்லையேல் மாநிலக் காப்பீட்டுத் துறையிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம்.

தோள்பட்டைக் காயத்தைத் தாங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதைத் தனியாக எழுத்தில் முதலாளியிடம் தெரிவித்திருக்கிறாரா என்று பாருங்கள். 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். தெரிந்த ஒரு வேலை நாளுக்குள் முதலாளி இழப்பீட்டுக் கோரிக்கைப் படிவத்தைத் தர வேண்டும். படிவத்தைக் கொடுத்த பின், கோரிக்கையை ஏற்கவோ மறுக்கவோ முடிவெடுக்கும் வரை 10,000 டாலர் வரையிலான சிகிச்சைக்கு அனுமதி தரப்பட வேண்டும். வீட்டுப் பாலிசியின் மருத்துவச் செலவுப் பகுதி பொதுவாக இதற்கு உதவாது. தொழிலாளர் இழப்பீடு கிடைக்கக்கூடிய காயங்களை அது விலக்கிவிடும்.

வாஷிங்டன் மாநிலத்துக்குக் குடிபெயரும் எண்ணம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அங்கே அணுகுமுறையே வேறு. கலிஃபோர்னியா பிரீமியத்தின் வாசலில் காவல் வைத்திருக்கிறது என்றால், வாஷிங்டன் பதிவேட்டின் வாசலிலேயே வைத்துவிட்டது. காப்பீட்டு நிறுவனங்களுக்குத் தரப்படும் ஓட்டுநர் பதிவேட்டுச் சுருக்கத்தில், காவல் அதிகாரிகளும் தீயணைப்பு வீரர்களும் பணிக்கடமையின்போது அரசு வாகனத்தை ஓட்டுகையில் நடந்தவை இடம்பெறவே கூடாது என்று 46.52.130ஆம் பிரிவு விதிக்கிறது. நிறுவனத்தின் கண்ணுக்கே படாத விபத்துக்கு அதனால் விலை வைக்க முடியாது என்பதால் இந்த முறை எனக்குச் சிறந்ததாகப் படுகிறது. இருந்தாலும் அங்கேயும் அது அரசு வாகனத்துக்கும் அந்த இரு பணிகளுக்கும் உரியது. தனியார் ஆம்புலன்ஸ் ஊழியர் அங்கேயும் வெளியில்தான் நிற்கிறார்.

எதிர்த்தரப்புக் காரோட்டியின் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து யாரேனும் மகளை அழைத்து, நடந்ததைப் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்கக்கூடும். மிகவும் கனிவாகவே கேட்பார்கள், நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பதில் சொல்லும் கடமை அவருக்கு இல்லை. நிறுவனத்தின் காப்பீட்டாளரைத் தொடர்பு கொள்ளுங்கள் என்று சொல்லி, அந்த எண்ணைக் கொடுத்தால் போதும். இன்று செய்ய வேண்டியது நிறுவனப் படிவம். அதன் நகல் கைக்கு வந்ததும் எஸ்ஆர்-1 பற்றிய மின்னஞ்சல்.